சுவர் இல்லாத வீட்டின் கதவு

தையற்காரி காவல் நிலையத்துக்குப் போனபோது அங்கே ஆளே இல்லை. அவளைப் போன்றவர்கள் வந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள எல்லோரும் போயிருந்தார்கள்.

வாசலில் புத்தம் புதுப் பலகை ஒன்று நின்றது. 'வீட்டில் அடி விழுகிறதா? தயங்காதீர்கள், எந்நேரமும் வாருங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு போலீஸ்காரரை வரைந்திருந்தார்கள். அந்தப் பல்வரிசைக்கு மேலே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது: 'பயிற்சி நடைபெறுவதால் வெள்ளிக்கிழமை வரை வர வேண்டாம்.' அவள் இரண்டையும் படித்துவிட்டு, பெரிய எழுத்தில் இருந்ததை நம்பி உள்ளே போனாள்.

காவலுக்கு விட்டுவைத்திருந்த ஒரே ஒரு ஏட்டு மட்டும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணும் கருத்துமாகக் காது குடைந்துகொண்டிருந்தார். அவளுடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் குடைவதை நிறுத்தினார்.

"என்னம்மா?"

"வீட்டுக்காரரு அடிச்சுட்டாருங்க. அடிச்சு வெளிய தள்ளிட்டுக் கதவைப் பூட்டிக்கிட்டாரு."

"அடடா!" ஏட்டு மெய்யாகவே வருத்தப்பட்டார். "வேளை கெட்ட வேளையில அடிச்சிருக்காரே. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அடிச்சிருந்தா ஜம்முன்னு கவனிச்சிருப்போம்."

"எனக்குக் கேஸு கீஸெல்லாம் வேண்டாங்க. என் தையல் மிஷின் உள்ள மாட்டிக்கிச்சு. ரெண்டு பேரு கூட வந்து வாசல்ல நின்னாப் போதும். நான் மிஷினைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஊரின் மறுகோடியில் வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்க இருக்கிறது. பிள்ளைகளின் சீருடைத் துணி கட்டுக்கட்டாக அந்த அறையில் வந்து இறங்கிவிட்டது. மிஷின் இருந்தால் தைப்பாள், தைத்தால் பிழைப்பாள். மிஷின் இல்லாவிட்டால் திரும்பவும் அந்த வீட்டுக்கே போக வேண்டியதுதான். அதை அவள் கணவனும் நன்றாக அறிந்திருந்தான். அதனால்தான் அவளை வெளியே தள்ளினானே தவிர மிஷினைத் தள்ளவில்லை.

ஏட்டு தலையைச் சொறிந்தார். "நான் வரலாம்மா. ஆனா பயிற்சி இல்லாம வந்தேன்னு வையி, 'புருஷன் பொண்டாட்டின்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், அனுசரிச்சுப் போ'ன்னு வாய்ல வந்துடும். இருபது வருஷப் பழக்கம். அது தப்புன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. அதான் நான் வாயே திறக்கறதில்ல."

"நீங்க வாயைத் திறக்க வேண்டாங்க. சும்மா வந்து நின்னாப் போதும்."

"சும்மா நிக்கறதுக்கும் ஒரு முறை இருக்காமே! அதைப் புதன்கிழமைதான் சொல்லித் தராங்களாம்." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "பின்பக்கம் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் பாரும்மா. மொத்தப் படையும் அங்கதான் இருக்கு."

மொத்தப் படையும் அங்கேதான் இருந்தது. நீள மண்டபம், சுவரோடு சுவராகத் தேநீர்க் குடம், அறுபது நாற்காலி, அறுபது காக்கிச் சட்டை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பயிற்சி அதிகாரி முழங்கிக்கொண்டிருந்தார். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. மைக்கோடு பேசியதில் தேநீர்க் குடத்தின் மூடி அதிர்ந்தது.

"முன்னெல்லாம் நாம என்ன செஞ்சோம்? புருஷன் அடிக்கறான்னு ஒரு பொண்ணு வந்து நின்னா, 'போம்மா, அனுசரிச்சுக்கோ'ன்னு முகத்தைக்கூடப் பார்க்காமச் சொன்னோம். எவ்வளவு பெரிய தப்பு! காலம் மாறிடுச்சு. இனிமே முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

அறுபது பேனாக்களும் 'முகத்தை' என்று எழுதி அடிக்கோடிட்டன.

"முன்னெல்லாம் அஞ்சே நிமிஷத்துல திருப்பி அனுப்பினோம். மனுஷத்தன்மையே இல்ல! இனிமே முழுசா ரெண்டு மணி நேரம் உட்கார வச்சுக் கேட்டுட்டுத்தான் திருப்பி அனுப்பணும். இதுக்குப் பேருதான் பரிவு."

கைதட்டல் ஓய்ந்ததும் தையற்காரி வாசற்படியிலிருந்து கையைத் தூக்கினாள். தூக்கிய கையையும் வீங்கிய கன்னத்தையும் பார்த்த பயிற்சி அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"வாங்க வாங்க! நாடகக் குழுவா? எங்க வராமப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன். போன தடவை அடிபட்ட மனைவியா நடிக்க வந்த பொண்ணு, எங்க ஆளுங்க கேட்ட கேள்வியில நிஜமாவே அழுதுட்டுப் போனவதான், திரும்பி வரவே இல்ல. கன்னத்துல சாயம் பிரமாதம்!"

"சாயம் இல்லீங்க. வீட்டுக்காரரு அடிச்சது."

முன்வரிசை நாற்காலியோடு சேர்ந்து ஒரு முழம் பின்னால் நகர்ந்தது.

"நிஜமா அடிபட்டதா?" என்று அலறினார் பயிற்சி அதிகாரி. "யாரும் கிட்டப் போகாதீங்க! எவனுக்கும் இன்னும் பயிற்சி முடியல!"

பிறகு அவர் மேடையை விட்டு இறங்கி, பத்தடி தள்ளி நின்றபடியே அவளுக்கு விதியை விளக்கினார். பயிற்சி பெறாதவர்கள் உண்மையான புகாரைத் தொடவே கூடாது. தொட்டால் துறை நடவடிக்கை. வெள்ளிக்கிழமை பெரிய அய்யா வருவார், நிறைவு விழா நடக்கும், சிறந்தவருக்கு அவர் கையால் பதக்கம் குத்துவார். குத்தி முடித்த அந்த நிமிடத்தில் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

"அதுக்கப்புறம் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அறுபது பேரும் பாய்ஞ்சு வருவாங்க. அதுவரைக்கும்..." அவர் கண்களில் ஒரு யோசனை பளிச்சிட்டது. "அதுவரைக்கும் நீங்க மாதிரி மனைவியா இருந்துடுங்களேன். நிஜப் பொண்ணுன்னா உள்ள விட முடியாது. மாதிரின்னா சாப்பாடு, தேநீர், படுக்கை எல்லாம் உண்டு."

அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாக அடிபட்டவளுக்கு இந்தக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. பொய்யாக அடிபட்டவளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. சரி என்று தலையாட்டினாள். மிஷினை மீட்க வேறு வழி இருந்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டாள்.

மாதிரி வீடு மண்டபத்தின் நடுவில் இருந்தது. மரச்சட்டத்தில் அட்டை அடித்து மூன்று சுவர் எழுப்பியிருந்தார்கள். நான்காவது சுவர், அதாவது நாற்காலிகளைப் பார்த்த பக்கம், கிடையாது. அறுபது பேரும் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டுமல்லவா? உள்ளே ஒரு சோபா, அட்டையில் வரைந்த டிவி, எரியாத அடுப்பு, ஒரு தொலைபேசி. தொலைபேசியை எடுத்தால் மண்டபத்தின் மூலையில் ஒரு மணி அடிக்கும். பக்கச் சுவரில் மட்டும் ஓர் அசல் கதவு. நல்ல கனமான கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் உண்டு. செலவுக்கு வந்த பணம் முழுவதும் அந்தக் கதவுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மாதிரிக் கணவனாக நியமிக்கப்பட்டவர் ஒரு வயதான காவலர். எல்லோரும் அவரைப் பூனை என்று கூப்பிட்டார்கள். அவர் நடந்தால் சத்தம் கேட்காது. அவர் பேசினாலும் கேட்காது. கையில் வசன அட்டையை வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நெளிந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. எழுதியிருக்கறதைத்தான் படிக்கிறேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என்னடி சமையல் இது? தூ."

பிறகு பிளாஸ்டிக் தட்டை எடுத்துத் தரையில் எறிந்தார். உடனே குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

"என் சம்சாரம் காதுல மட்டும் இது விழுந்துச்சு, நான் தொலைஞ்சேன்" என்றார்.

தையற்காரிக்கு அடிபட்ட கன்னத்தோடு சிரிப்பு வந்தது. சிரித்ததில் கன்னம் வலித்தது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

முதல் நாள் முழுக்கக் கதவு தட்டும் பாடம். அவள் தொலைபேசியை எடுத்து அலற வேண்டும். நான்கு நான்கு பேராக ஓடிவந்து கதவைத் தட்ட வேண்டும். இரண்டு தட்டா, மூன்று தட்டா என்பதில் அதிகாரிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டு தட்டினால் பால்காரர் என்று நினைத்துவிடுவார்கள் என்று ஒரு கட்சி, மூன்று தட்டினால் கடன்காரர் என்று நினைத்துவிடுவார்கள் என்று இன்னொரு கட்சி. மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு கட்சியும் தனித்தனி மேசையில் உட்காரத் தொடங்கிவிட்டன. அவள் அன்று தொண்டை வறளுமளவுக்கு அலறினாள். ஒருமுறைகூட அவர்கள் வரத் தாமதமாகவில்லை. தன் வீட்டிலிருந்து மூன்று முறை இதே போலீசைக் கூப்பிட்டதையும், மூன்று முறையும் வண்டி டயர் பஞ்சராகியிருந்ததையும் அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு பெண் காவலர் மட்டும் பாடத்தைக் கெடுத்துவிட்டாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். நெட்டை என்றுதான் பெயர். தையற்காரி அலறிய அலறலில் அவள் கதவை மறந்துபோய், சுவர் இல்லாத பக்கமாக நேரே உள்ளே ஓடி வந்து, "அக்கா, என்னாச்சு?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவரை இடிச்சுக்கிட்டு உள்ள போயிருக்க!" என்று பாய்ந்து வந்தார் பயிற்சி அதிகாரி.

"அங்க சுவரே இல்லையே சார்."

"இருக்குன்னு நினைச்சுக்கணும்! காவல்துறையில நினைப்புதான் முக்கியம். பூஜ்யம் மார்க்கு!"

"அந்த அக்கா அலறினாங்க சார்."

"அலறட்டும். கதவைத் தட்டினியா? 'உள்ளே வரலாமா'ன்னு கேட்டியா? உள்ள இருக்கறவங்க வாங்கன்னு சொன்னாங்களா? நாளைக்கு எல்லாரும் இப்படி அலறல் கேட்ட உடனே உள்ள பூந்தா, கதவு எதுக்கு?"

நெட்டை தையற்காரியின் கையை விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

இரண்டாம் நாள் பரிவுப் பாடம். பரிவு காட்டும்போது தலையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை அளக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெட்டியிலிருந்து கோணமானி வாங்கி வந்திருந்தார்கள். குறைவாகச் சாய்த்தால் அலட்சியம். அதிகமாகச் சாய்த்தால் அதிகாரிக்குத் தூக்கம் என்று பொதுமக்கள் நினைப்பார்கள். அறுபது பேரும் வரிசையாக நின்று தையற்காரியைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பழகினார்கள். மறுநாள் பாதிப் பேர் கழுத்தில் பட்டையோடு வந்தார்கள். பணியின்போது பரிவால் காயமடைந்தவர்கள் என்று அவர்களுக்குப் பாராட்டு வாசிக்கப்பட்டது.

சாய்த்த தலையோடு ஒவ்வொருவரும் அவளைக் கேட்டார்கள்: "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"என் தையல் மிஷின் வேணும். ரெண்டு பேரு கூட வந்தாப் போதும்."

கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். அடுத்தவர் வந்து கேட்பார். அதே பதில். மதியத்துக்கு மேல் பயிற்சி அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்படி உருப்படியா ஏதாவது கேட்டா எங்க ஆளுங்க குழம்பிப் போறாங்கம்மா. 'எனக்கு என்ன வேணும்னே தெரியல'ன்னு சொல்லிட்டு அழுங்க. அதுக்குத்தான் பாடம் இருக்கு."

"எனக்குத் தெரியுமேங்க."

"தெரியும். அத வெளிய காட்டிக்காதீங்க."

ஆனாலும் அந்த அட்டை வீட்டில், சோபாவில் சுருண்டு படுத்தவள் பல வருடங்களுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினாள். வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழும் அந்தப் பழைய பயம் அங்கே இல்லை. இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பாடம் நடக்காத நேரமாதலால் யாரும் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்கப் பயிற்சி அதிகாரிக்குக் கை கால் ஓடவில்லை. போன வருடம் பெரிய அய்யா மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டுக் களையே இல்லையேய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு வார்த்தையில் இவருடைய பதவி உயர்வு நின்றுபோயிருந்தது.

"என்ன வச்சா வீடு மாதிரி இருக்கும்?" என்று அட்டை டிவியையே வெறித்துப் பார்த்தார்.

தையற்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் இந்த இடத்தில் எந்தக் கேள்விக்குக் கதவு திறக்கும் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று வழி தெரிந்தது.

"நான் யாருங்க சார்?"

"மாதிரி மனைவி."

"தையற்காரி மாதிரி மனைவி. தையற்காரி வீட்டுல மிஷின் இல்லாட்டி அது என்னங்க வீடு? பெரிய அய்யா பார்த்த உடனே கண்டுபிடிச்சுடுவாரு."

பயிற்சி அதிகாரி துள்ளி எழுந்தார். "மிஷினுக்கு எங்க போறது?"

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. ஆனா அவரு குடுக்க மாட்டாரு. அடிப்பாரு."

"யாரை? பயிற்சிக்குத் தேவையான தளவாடத்தைத் தடுக்கறவன் எவன்? எடுங்கப்பா வண்டியை!"

டயர் பஞ்சராகவில்லை. வண்டி நிறைய ஆட்கள், முன்னால் சைரன், பின்னால் கயிறும் சாக்கும். நெட்டையும் பூனையும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வந்தார்கள். இரண்டு பேர் போதும் என்று கேட்டவளுக்கு இருபது பேர் கிடைத்திருந்தார்கள்.

அவள் கணவன் தண்ணீர் பாட்டில் கம்பெனியில் மேற்பார்வையாளன். கம்பெனியில் நான்கு பேரை மேய்ப்பவன், வெளியே வந்தால் தெருவையே மேய்ப்பான். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எப்படி நிறுத்த வேண்டும், எதிர்வீட்டு அம்மாள் துணியை எங்கே காயப்போட வேண்டும் என்றெல்லாம் சொல்வதால் தெருவில் அவனுக்கு மேற்பார்வை என்றே பெயர். பாராட்டு என்றால் உயிர். மைக் என்றால் அதற்கும் மேலே. கம்பெனி விழாவில் நன்றியுரை சொல்ல எழுந்தால் அவனை உட்கார வைக்கத் தனியாக இரண்டு ஆள் வேண்டும்.

சைரன் சத்தம் கேட்டு மேற்பார்வை வாசலுக்கு வந்தான். மனைவியைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"இதோ பாருங்க, இது குடும்ப விஷயம். போலீசுக்கு இதுல வேலை இல்ல."

முன்னால் நின்ற அதிகாரி பதறிப்போனார். "ஐயையோ, குடும்ப விஷயத்துக்கு நாங்க வரலீங்க! அதுக்கெல்லாம் நாங்க வரவே மாட்டோம். தையல் மிஷினுக்காக வந்தோம்."

"ஓ, மிஷினுக்கா?" மேற்பார்வையின் தோள் இறங்கியது. "நான்கூட இவளை அடிச்சதுக்குத்தானோன்னு நினைச்சுட்டேன்."

"சேச்சே! காவல்துறைப் பயிற்சிக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான்."

பயிற்சிக்கு உதவி என்று கேட்டதும் மேற்பார்வைக்குத் தலைகால் புரியவில்லை. மிஷினை எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று இருபது போலீஸ்காரர்களையும் மேய்க்கத் தொடங்கிவிட்டான். கடைசியில் தானே ஒரு முனையைப் பிடித்து வண்டியில் ஏற்றினான். பூனை மட்டும் மிஷினின் சக்கரத்தைத் துணியால் துடைத்துவிட்டார். மேற்பார்வை மனைவியின் காதருகே குனிந்து, "வெள்ளிக்கிழமை முடிஞ்சுடும்ல? வீட்டுக்கு வா, வச்சுக்கிறேன்" என்றான். அவள் கையை மிஷின் மேல் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பயிற்சி அதிகாரி நன்றி மறவாதவர். 'தையல் மிஷின் தந்து உதவிய நல்லுள்ளம்' என்று போட்டு மேற்பார்வைக்கு அன்றைக்கே விழா அழைப்பிதழ் அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முன்வரிசையில் பெரிய அய்யா, பக்கத்தில் படம் பிடிக்க வந்த பத்திரிகைக்காரர்கள், இரண்டாம் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நல்லுள்ளம். மாதிரி வீட்டில் தையற்காரி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெரிய அய்யா பார்த்த பார்வையிலேயே, "ஆங், களை வந்துடுச்சு" என்றார். பயிற்சி அதிகாரிக்கு அப்போதே பதவி உயர்ந்துவிட்டது போல் இருந்தது.

ஒரு குழு வந்து முறைப்படி கதவைத் தட்டி, முறைப்படி உள்ளே போய், முறைப்படி தலையைச் சாய்த்துக் கேட்டது: "உங்க கணவர் உங்களை என்னம்மா செய்வாரு?"

அவள் எழுதிக் கொடுத்ததைச் சொல்லவில்லை. மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். உப்பு குறைந்ததற்குப் பிடரியில் விழுந்தது, தம்பி வீட்டுக்குப் போன் பேசியதற்கு விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது, ஜுரத்தில் படுத்திருந்தபோது தண்ணீரை மேலே ஊற்றி எழுப்பியது. குரல் உயரவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த பூனை வசன அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குழு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு முறைப்படி கதவைச் சாத்திவிட்டுப் போனது.

இரண்டாம் வரிசையில் மேற்பார்வையின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. எழுந்தான். நான்கே எட்டில் சுவர் இல்லாத பக்கமாக உள்ளே புகுந்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"சபையில வச்சா என் மானத்தை வாங்கற?"

ஓங்கி அறைந்தான். இரண்டாவது அறையில் அவள் மிஷின்மேல் சாய்ந்தாள். இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. அவளுக்கு வலித்தது, வீட்டில் வலித்ததைப் போலவே வலித்தது. கையை நீட்டித் தொலைபேசியைத் தட்டிவிட்டாள்.

மூலையில் மணி அடித்தது. நாற்காலிகளில் இருந்த ஐம்பத்தொன்பது பேரும் ஒரே துள்ளலில் எழுந்தார்கள். எழுந்து, அவளுக்கு ஐந்தடி தூரத்தில், அவளைப் பார்த்துக்கொண்டே, வரிசையாகப் பக்கவாட்டில் நடந்து, கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். முதல் ஆள் தட்டினார். இரண்டு தட்டுக் கட்சிக்கும் மூன்று தட்டுக் கட்சிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இரண்டரைத் தட்டு.

"உள்ளே வரலாமாங்க?"

உள்ளே இருந்தவள் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

"பொறுமையா இருங்க! பொறுமைக்குத் தனி மார்க்கு" என்று கிசுகிசுத்தார் பயிற்சி அதிகாரி. பெரிய அய்யா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "என்ன தத்ரூபம்யா!"

அப்போதுதான் சோபாவிலிருந்து பூனை எழுந்தார். வாழ்நாளில் முதல்தடவையாக அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கையை எடுடா!"

எடுக்காததால் மேற்பார்வையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அதே நேரம் வரிசையின் கடைசியிலிருந்து நெட்டை பிரிந்தாள். கதவைப் பார்த்தாள், சுவர் இல்லாத பக்கத்தைப் பார்த்தாள். நேரே உள்ளே வந்து மேற்பார்வையின் சட்டைக் காலரைப் பிடித்து அவனைத் தூக்கித் தள்ளி நிறுத்தினாள்.

"போச்சு! எல்லாம் போச்சு!" பயிற்சி அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒருத்தி சுவருக்குள்ள நுழைஞ்சுட்டா. ஒருத்தர் கணவனா இருந்துக்கிட்டு மனைவியைக் காப்பாத்திட்டாரு!"

ஆனால் பெரிய அய்யா எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். கதவுக்கு வெளியே நின்றவர்களும் நின்ற இடத்திலேயே தட்டிவிட்டு நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள்.

"என் சர்வீசுல இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்ல" என்று பெரிய அய்யா மேடையேறி மேற்பார்வையைப் பக்கத்தில் அழைத்தார். "அந்த ஆத்திரம், அந்தக் கண்ணு, அந்த அறை! எங்க துறை இந்த விஷயத்துல எவ்வளவு ஆழமாப் போயிருக்குங்கறதுக்கு இவரே சாட்சி." அவனுடைய இஸ்திரிச் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். "இத்துடன் பயிற்சி இனிதே நிறைவுற்றது. அண்ணே, இவ்வளவு இயல்பா எப்படி? ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

மைக்கை நீட்டினார். நீட்டியிருக்கக் கூடாது.

மேற்பார்வை முதலில் விழித்தான். பிறகு பதக்கத்தைப் பார்த்தான், பத்திரிகைக்காரர்களைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான். நெஞ்சு நிமிர்ந்தது.

"எல்லாம் பழக்கம்தாங்க. பத்து வருஷப் பழக்கம். சும்மா இப்ப வந்து அடிச்சா இந்த வாட்டம் வராது. தினமும் கை ஓடணும். அவங்க இப்பச் சொன்னாங்களே விரலு, ஜுரம், அதெல்லாம் நானாக் கண்டுபிடிச்சதுங்க. யாரும் சொல்லித் தரல. சொந்தப் பொண்டாட்டிங்கறதால கூச்சமில்லாம அடிக்கலாம், அதான் இயல்பா இருக்கு. இந்த நேரத்துல என் கம்பெனிக்கும்..."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. மேற்பார்வை நன்றியுரையைத் தொடர்ந்துகொண்டிருந்தான். பெரிய அய்யா பயிற்சி அதிகாரியைப் பார்த்தார். பயிற்சி அதிகாரி தேநீர்க் குடத்தைப் பார்த்தார்.

தையற்காரி எழுந்து நின்றாள். உதட்டோரத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"பதக்கம் குத்தியாச்சு. பயிற்சி முடிஞ்சுதுங்களா சார்?"

"மு... முடிஞ்சுதும்மா" என்றார் பயிற்சி அதிகாரி.

"இனிமே நிஜப் புகாரைத் தொடலாம்தானே?"

"விதிப்படி தொடலாம்."

"இவரு என் வீட்டுக்காரரு. இப்ப என்னை அடிச்சாரு. நீங்க எல்லாரும் பார்த்தீங்க. பத்து வருஷமா அடிச்சதை அவரே மைக்குல சொல்லிட்டாரு. என் புகாரை எடுத்துக்குங்க." சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

மூலையில் மணி அடித்தது. பழக்கம் விடுமா? பயிற்சி பெற்ற ஐம்பத்தெட்டுப் பேரும் கதவைப் பார்த்து ஓடினார்கள். நெட்டையும் பூனையும் மட்டும் அவள் பக்கத்திலேயே நின்றிருந்ததால் ஓட வேண்டியிருக்கவில்லை.

"இரு, இரு" என்று பெரிய அய்யா கையைத் தூக்கினார். "பதக்கம் வாங்கினவரைக் கைது பண்ண விதியில இடமில்லையே."

நெட்டை மேற்பார்வையின் சட்டையிலிருந்து பதக்கத்தைக் கழற்றிப் பெரிய அய்யாவின் கையில் மரியாதையாக வைத்தாள். பிறகு விலங்கை மாட்டினாள். மேற்பார்வை அப்போதும் நன்றியுரையின் கடைசி வரியில்தான் இருந்தான். விலங்கை எந்தக் கையில் முதலில் மாட்ட வேண்டும் என்று சொல்லவும் செய்தான். பத்திரிகைக்காரர்கள் பளிச் பளிச்சென்று படம் எடுத்ததால் பெரிய அய்யா பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சரியான கோணத்தில் சாய்த்துக்கொண்டார்.

அவனை வண்டியில் ஏற்றிவிட்டு நெட்டை திரும்பி வந்தபோது தையற்காரி மிஷினின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அம்மா, அது இப்பத் துறைத் தளவாடம்!" என்று ஓடி வந்தார் பயிற்சி அதிகாரி. "அடுத்த அணிக்கு வேணுமே, வீட்டுக் களை போயிடுமே!"

"அட்டையில ஒண்ணு வரைஞ்சு வச்சுக்குங்க சார். டிவிக்குப் பக்கத்துல நல்லாத்தான் இருக்கும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூனை அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரே நாளில் இரண்டாவது தடவையாகப் பூனையின் முகத்தில் அப்படி ஒரு பார்வையைக் கண்டு பயிற்சி அதிகாரி வாயை மூடிக்கொண்டார்.

"எங்கக்கா கொண்டுபோய் வைக்கணும்?" என்று கேட்டாள் நெட்டை.

"ஊர்க் கோடியில ஒரு அறை. சீருடைத் துணியெல்லாம் வந்து கிடக்கு."

நெட்டை ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். மிஷின் அலுங்காமல் குலுங்காமல் சுவர் இல்லாத பக்கமாக வெளியே வந்தது.

"ரெண்டு பேரு போதும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் தையற்காரி.

மண்டப வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மாதிரி வீட்டுக்குள் யாருமில்லை. பக்கச் சுவரில் அந்தக் கனமான கதவு சாத்தியே இருந்தது. அதற்கு வெளியே ஐம்பத்தெட்டுப் பேரும் ஒழுங்காக வரிசையில் நின்று, இரண்டரைத் தட்டுத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து யாராவது வாங்க என்று சொல்வார்கள் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள்.